கார் காற்றியல் கணக்குக்குப் பணம் கொடுத்தேன், மோட்டார் சைக்கிள் எண்கள் வந்தன

அச்செட்டோ கோர்சா என்ற கணினிக் கார்ப் பந்தய விளையாட்டுக்கு மோட் (பயனர்களே உருவாக்கிச் சேர்க்கும் கார்) செய்பவர்கள், காற்றோட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருளில் சிமுலேஷன் ஓட்டிக் காற்றியல் எண்கள் தருவதாக விளம்பரம் செய்யும் தனிநபர்களிடம் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் போனது 12,000 ரூபாயும் இரண்டு மாதங்களும்.

சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக, முன்னால் ஸ்பிளிட்டரும் (பம்பருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு) பின்னால் விங்கும் (காரைக் கீழே அழுத்தும் இறக்கை) வைத்த பழைய செடான் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தேன். தரை இடைவெளி 60 மில்லிமீட்டரிலிருந்து 140 வரை, பத்துப் பத்தாக ஒன்பது நிலைகளுக்கு, இழுவிசைக் கெழுவும் (காற்றின் எதிர்ப்பு விசையைக் காரின் முன்பரப்பு கொண்டு வகுத்துப் பெறும் எண்) முன் பின் அச்சுகளின் டவுன்ஃபோர்ஸும் (காரைத் தரையை நோக்கி அழுத்தும் விசை) வேண்டும் என்று அப்படி விளம்பரம் செய்த ஒருவரிடம் எழுத்தில் கொடுத்து, முழுத் தொகையையும் முன்கூட்டியே அனுப்பினேன். முழுத் தொகையை அனுப்பியது என் தவறு.

வந்த அறிக்கை வண்ணப்படங்களால் நிறைந்திருந்தது. இழுவிசைக் கெழு 0.91 என்று அதில் கண்டபோதே நான் நின்றிருக்க வேண்டும். சாதாரண செடானுக்கு அது 0.3 முதல் 0.4 வரைதான் இருக்கும், விங் வைத்தாலும் இவ்வளவு ஏறாது. ஆனாலும் நம்பிக்கையோடு 1.9 சதுர மீட்டர் முன்பரப்புடன் (காரை முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் பரப்பு) அந்த எண்ணை விளையாட்டின் காற்றியல் கோப்பில் இட்டேன். மணிக்கு 175 கிலோமீட்டர் போக வேண்டிய கார் 130ஐத் தொடவில்லை.

பலமுறை வற்புறுத்திய பிறகே சிமுலேஷன் கோப்புறை கிடைத்தது. கெழுக்களைக் கணக்கிடும் கோப்பில் பரப்பு 0.75, நீளம் 1.42 என்று இருந்தது. இவை ஓப்பன்ஃபோமுடன் பயிற்சிக்காக வரும் மோட்டார் சைக்கிள் எடுத்துக்காட்டின் எண்கள். அதில் என் காரின் வடிவத்தை வைத்து ஓட்டியவர், பரப்பையோ, நீளம் என்று குறிக்கப்படும் சக்கர இடைத்தொலைவையோ (முன் பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம்) மாற்றவே இல்லை. 0.91ஐ 0.75ஆல் பெருக்கி 1.9ஆல் வகுத்தால் 0.36 வருகிறது, அதாவது விசை ஓரளவு சரியாகவே கணக்கிடப்பட்டிருக்கிறது, வகுத்த பரப்புதான் வேறொரு வண்டியுடையது. முன் பின் பங்கீட்டில் பிழை இன்னும் மோசம். மொத்தக் கெழுவின் பாதியோடு திருப்புவிசைக் கெழுவைக் (காரை முன்னோ பின்னோ சாய்க்கப் பார்க்கும் முறுக்கத்துக்கான எண்) கூட்டியும் கழித்தும்தான் மென்பொருள் அச்சுவாரியான எண்களைத் தருகிறது. நீளம் காரின் சக்கர இடைத்தொலைவாகவும், திருப்புவிசையை அளக்கும் மையப்புள்ளி இரு அச்சுகளுக்கும் நடுவிலும் இல்லாவிட்டால் அந்த எண்களுக்குப் பொருளே கிடையாது.

இதையாவது கையால் திருத்திக்கொள்ளலாம். ஆனால் கோப்புறையில் சிமுலேஷன் ஓட்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் எடுத்துக்காட்டில் உள்ளபடியே 500 கணக்கீட்டுச் சுற்றுகளில் நிறுத்தப்பட்டு, கெழு வரைபடம் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நிலையில். அட்டவணையின் மற்ற எட்டு வரிகள் ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து துல்லியமாக 0.012 கூடியிருந்தன. தரையோடு ஒட்டி ஓடும் காற்று இப்படி அளவுகோல் வைத்துக் கோடு போட்டாற்போல் நடந்துகொள்ளாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, நான் கொடுத்த முப்பரிமாண மாடலின் அடிப்பகுதி மூடப்படவில்லை என்றார் (அது உண்மைதான், ஆனால் வேலை தொடங்கும் முன் சொல்லியிருக்க வேண்டும்). பிறகு, "விளையாட்டுக்குத்தானே, இவ்வளவு துல்லியம் எதற்கு?" என்றார். அதன் பிறகு பதிலே இல்லை.

இப்படி யாரிடமாவது வேலை கொடுப்பவர்கள், கோப்புறையைப் பார்த்த பிறகே மீதிப் பணம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கெழுக்களோடு விசையை நியூட்டனிலும் கேளுங்கள், அதைப் பரப்பு எண்ணால் ஏமாற்ற முடியாது.

மாடலின் அடிப்பகுதியை நானே மூடி, வீட்டுக் கணினியில் இரவுக்கு ஒரு நிலை வீதம் இப்போது ஓட்டிவருகிறேன். இதுவரை ஐந்து முடிந்திருக்கின்றன. 70 மில்லிமீட்டருக்குக் கீழே முன்பக்க டவுன்ஃபோர்ஸ் கூடுவது நின்று குறையத் தொடங்குகிறது. அவர் தந்த அட்டவணையில் அந்த இடத்திலும் அதே 0.012தான்.