கார் உள்விளக்குக்கு கரண்ட் எங்கிருந்து: சாக்கெட்டா, ரூஃப் லைட்டா, ஃபியூஸ் டேப்பா?

அலங்கார விளக்கு போட்டதும் ஃபியூஸ் போனால், பெரும்பாலும் விளக்கு அதிக கரண்ட் இழுத்ததால் அல்ல. 5050 வகை (5 மி.மீ. சதுர எல்.இ.டி.), மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள ஸ்ட்ரிப், அதாவது ஒட்டும் விளக்குப் பட்டை, 12 வோல்ட்டில் மீட்டருக்கு 14.4 வாட், அதாவது 1.2 ஆம்பியர்தான் எடுக்கும். கால் வைக்கும் நான்கு இடங்களுக்கும் 30 செ.மீ. வீதம் ஒட்டினால் மொத்தம் சுமார் 1.5 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டை ஒட்டி ஏறும். ஸ்ட்ரிப்பில் கரண்டைக் கட்டுப்படுத்துவது வெறும் ரெசிஸ்டர் என்பதால் இந்தக் கணக்கு ஒன்றரை மடங்குக்கு மேலும் போகலாம். அப்படியும் 3 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ஃபியூஸைக் காவு வாங்குவது ஷார்ட் சர்க்யூட்தான். அதனால் பார்க்க வேண்டியது இதை: ஷார்ட் ஆனால் எந்த ஃபியூஸ் போகும், அதோடு வேறு என்ன நின்றுபோகும்?

சாக்கெட்டில் செருகும் பிளக் சுலபம், எதையும் வெட்ட வேண்டாம். ஆனால் சாக்கெட்டின் ஃபியூஸ் பொதுவாக 10 முதல் 20 ஆம்பியர். அது போவதற்குள் ஸ்ட்ரிப்பின் மெல்லிய வயர் சூடாகி உருகக்கூடும். பிளக்கின் முனையைத் திருகிக் கழற்றினால் பலவற்றில் கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். அதை 3 ஆம்பியராக மாற்றுங்கள். உள்ளே ஃபியூஸே இல்லாத பிளக்கை வாங்காதீர்கள்.

ரூஃப் லைட் வயரில் இணைத்தால் கதவு திறந்ததும் விளக்கு எரியும். ஆசை காட்டும் வழிதான், ஆனால் மூன்றிலும் மோசமானது இதுவே. பல கார்களில் அந்த ஃபியூஸ் கடிகாரம், ஆடியோ மெமரி போன்றவற்றுக்கும் பொது. கதவு ஸ்விட்ச் எர்த் (நெகட்டிவ்) பக்கம் இருந்து, ஸ்ட்ரிப்பின் நெகட்டிவை நேராக பாடியில் கொடுத்துவிட்டால், விளக்கு அணையவே அணையாது; பேட்டரி இறங்கும். புதிய கார்களில் இந்த விளக்கை பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற சிறு கணினி இயக்குகிறது. அதன் அவுட்புட் கருகிப்போனால் ஃபியூஸ் மாற்றிச் சரிசெய்ய முடியாது.

பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் இழுப்பது ஆம்ப்ளிஃபயருக்குச் சரி. இரண்டு ஆம்பியர் விளக்குக்குத் தேவையில்லை.

என் தேர்வு ஃபியூஸ் டேப். ஃபியூஸ் பெட்டியில் ஒரு ஃபியூஸைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் செருகுவது இது; இரண்டு ஃபியூஸுக்கான துளைகளும் விளக்குக்குப் போகும் ஒரு வயரும் இதில் இருக்கும். பழைய ஃபியூஸ் கீழ்த் துளையில், விளக்குக்கான 3 ஆம்பியர் ஃபியூஸ் மேல் துளையில். ஷார்ட் ஆனால் 3 ஆம்பியர் மட்டும் போகும், காரின் மற்ற வேலைகள் நடக்கும். ஆனால் டேப்பைத் திசை பார்த்துச் செருக வேண்டும். தலைகீழாகச் செருகினால் விளக்கும் பழைய ஃபியூஸ் வழியாகவே கரண்ட் எடுக்கும். இரண்டு சுமையும் அதன்மேல் விழும். சோதிப்பது எளிது: கீழ் ஃபியூஸை மட்டும் உருவுங்கள். விளக்கு எரிந்தால் திசை சரி. அணைந்தால் டேப்பைத் திருப்பிச் செருகுங்கள்.

ஃபியூஸ் பெட்டியில், சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் துளையை மல்டிமீட்டரால் தேடுங்கள். ஏர்பேக், ஏ.பி.எஸ்., இன்ஜின் கன்ட்ரோல் ஃபியூஸ்களைத் தொடவே வேண்டாம். மினி, லோ-புரொஃபைல் மினி, மைக்ரோ 2 என்று ஃபியூஸ் அளவுகள் வேறு வேறு. பழைய ஃபியூஸைக் கையில் வைத்துப் பார்த்தே டேப் வாங்குங்கள். வேலைக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். வயர் 0.5 சதுர மி.மீ. போதும். எர்த்துக்கு ரிங் டெர்மினல், பெயின்ட் சுரண்டிய போல்ட்டின் அடியில்.

ஷார்ட் ஆகும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஸ்ட்ரிப்பை வெட்டிய முனையில் தெரியும் செம்புப் புள்ளிகள் சீட் இரும்பில் உரசுவது. அந்த முனைக்கு ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டே தீர வேண்டும். இன்னொன்று, சீட் தண்டவாளத்தில் வயர் நசுங்குவது. வயரைக் கார்பெட்டுக்கு அடியில், தண்டவாளத்தை விட்டு விலக்கிக் கொண்டுபோங்கள்.

3 ஆம்பியர் திரும்பத் திரும்பப் போனால் 10 போட்டுச் சமாளிக்காதீர்கள். நான்கு ஸ்ட்ரிப்பையும் கழற்றிவிட்டுப் புது ஃபியூஸ் போடுங்கள். அப்போதும் போனால், ஸ்ட்ரிப்புக்கு வரும் வயரில்தான் பழுது. ஃபியூஸ் தாங்கினால் ஸ்ட்ரிப்பை ஒவ்வொன்றாக இணைத்து வாருங்கள், எதை இணைத்ததும் போகிறதோ அதன் வெட்டிய முனையை முதலில் பாருங்கள்.