ஜேபிஎல் சிறுகோள் தளம்: படம் பரவாயில்லை, அட்டவணை பிரமாதம்

நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் சிறுகோள்களுக்கும் வால்மீன்களுக்கும் என்றே ஒரு தரவுத்தளம் நடத்துகிறது. காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம், பெயரையோ எண்ணையோ தட்டினால் போதும். நான் தட்டியது 4130, அதாவது ராமானுஜன். 1988 பிப்ரவரியில் வாணியம்பாடி பக்கம் காவலூரில் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த கல். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிறது.

எல்லாரும் முதலில் முப்பரிமாணப் படத்துக்குத்தான் போவார்கள். விரலால் திருப்பலாம், தேதியை முன்னே தள்ளினால் கல்லும் கோள்களும் நகரும். பாளையங்கோட்டையில் பிளஸ் ஒன் படிக்கிற மருமகன் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா மாமா, மத்த கல்லெல்லாம் எங்க?" என்றான். சினிமாவில் கப்பல் கல்லுக்குக் கல் வளைந்து வளைந்து போவதைப் பார்த்த பையன், வேறென்ன கேட்பான்? உண்மையில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலான அந்தச் சிறுகோள் பட்டையில் லட்சக்கணக்கில் கற்கள் இருந்தாலும் ஒன்றுக்கொன்று பல லட்சம் கிலோமீட்டர் தள்ளித்தான் கிடக்கின்றன, அதனால் அந்த வெறுமையான படம்தான் சரி.

எனக்குப் பிடித்தது அட்டவணை. பாதையின் அரை நெட்டச்சு (நீள்வட்டத்தின் நீளமான விட்டத்தில் பாதி), நீள்வட்டம் எவ்வளவு நீண்டது, எவ்வளவு சாய்ந்தது என்று ஒவ்வொரு எண்ணையும் கொடுத்து, பக்கத்திலேயே அதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்றும் போட்டிருக்கிறார்கள். பாதை எந்த அளவுக்கு உறுதி என்பதற்கு 0 முதல் 9 வரை தனி மதிப்பு, 0 என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். வியாழன் இழுத்துக்கொண்டே இருப்பதால் பாதை கொஞ்சம் கொஞ்சமாக மாறும், அதனால் இந்த எண்கள் எந்தத் தேதிக்கு உரியவை என்பதும் மேலேயே இருக்கும். வண்ணப்படம் காட்டும் செயலிகள் எத்தனையோ உண்டு, இந்த நேர்மை அவற்றில் அபூர்வம்.

அப்புறம் அதே பட்டையிலுள்ள பெரிய சிறுகோளான வெஸ்டாவை எடுத்தோம். அரை நெட்டச்சு 2.36 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம்). "ஏல, அந்த எண்ணை மூணு தடவை எழுதிப் பெருக்கி வர்க்கமூலம் எடு" என்றேன். 3.63 வந்தது, தளத்திலும் சுற்றுக்காலம் 3.63 ஆண்டுதான். பாதையின் அளவுக்கும் சுற்ற ஆகும் காலத்துக்கும் உள்ள கணக்கைச் சொல்லும் கெப்ளரின் மூன்றாம் விதியை இதைவிடச் சுருக்கமாக யாரும் நடத்த முடியாது, இயற்பியல் வாத்தியார்கள் கவனிக்க.

எல்லாம் ஆங்கிலம், அதனால் நெல்லை கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்குப் போய்விட்டு ஆசையோடு வரும் சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். பாபநாசம் பக்கம் சிக்னல் கிடைக்காமல் அல்லாடுகிறவர்கள் படத்தை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் பாருங்கள். ஐந்துக்கு நாலரை தருவேன்.