நேரிலா, திரையிலா: உளவியல் சிகிச்சையில் நான் தேர்ந்தெடுத்த வழி

இருபத்தைந்தாம் வயதில், வேளச்சேரியில் மூன்று தோழிகளோடு ஒரே வீட்டில் தங்கி மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ நான்கு மாதங்கள் இரவு இரண்டு மணிக்கு முன் எனக்கு உறக்கம் வந்ததில்லை. மேலாளரிடமிருந்து வரும் எந்தச் செய்தியைப் பார்த்தாலும் வேலை போகப்போகிறது என்றே தோன்றியது. தனியாகச் சமாளிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டபோது என் முன்னே நான்கு வழிகள் இருந்தன: செயலி வழியாகக் காணொளியில் ஆலோசனை பெறுவது, உளவியலாளரை நேரில் சந்திப்பது, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்வது, தொலைபேசி உதவி எண்ணை அழைப்பது. முதல் இரண்டையும் நானே முழுமையாக அனுபவித்தேன். மற்ற இரண்டில் என் அனுபவம் சிறியது என்பதால் அவற்றைப் பற்றி அளவோடுதான் சொல்ல முடியும்.

கட்டணம், பயண நேரம் போன்றவை எல்லோரும் அறிந்தவையே. செயலியில் ஒரு அமர்வுக்கு நான் கொடுத்தது 700 ரூபாய். நேரில் சந்தித்தவருக்கு 1,500 ரூபாய். செயலிக்குப் பயணம் தேவையில்லை. நேரில் செல்ல வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் ஏறி கஸ்தூரிபாய் நகரில் இறங்கி நடக்க வேண்டும். இவற்றை மட்டும் பார்த்தால் செயலிதான் வெல்லும். நானும் அப்படி நினைத்துத்தான் முதலில் அதில் சேர்ந்தேன்.

காணொளிச் சிகிச்சை தரத்தில் குறைந்தது என்று நான் சொல்லவரவில்லை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் காணொளி வழியாகத் தரப்படும் உளவியல் சிகிச்சை, நேரில் தரப்படுவதற்கு ஏறத்தாழ இணையான பலன் தருவதாகவே ஆய்வுகள் பெரும்பாலும் காட்டுகின்றன. எனக்கு அது பொருந்தாமல் போனதற்கு முதல் காரணம் இடம். நால்வர் தங்கியிருந்த வீட்டில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேச முடியாததால், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அமர்ந்து, யாராவது துணி உலர்த்த வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, அவர் இறங்கிய பிறகு தொடர்வேன். வீட்டைப் பற்றிப் பேச வேண்டிய பிள்ளைகள் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு பேச வேண்டிய நிலை நம் ஊர்களில் பலருக்கும் உண்டு.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது இடமன்று. ஒரே ஆள் தொடர்ந்து கேட்கிறாரா என்பதே. அந்தச் செயலியில் ஐந்து வாரங்களில் மூன்று ஆலோசகர்களிடம் பேசினேன். ஒருவர் விலகிவிட்டார் என்றும், இன்னொருவருக்கு என் நேரம் ஒத்துவராது என்றும் சொல்லப்பட்டது. அப்பாவின் ஜவுளிக்கடை மூடப்பட்ட ஆண்டையும், வீட்டில் அதன்பின் நிலவிய அமைதியையும் முதலாமவரிடம் அழுதுகொண்டே அரை மணி நேரம் சொன்னேன். இரண்டாமவரிடம் பத்து நிமிடங்களில் முடித்தேன். மூன்றாமவரிடம் இரண்டே வாக்கியங்கள். அந்த அமர்வு முடிந்ததும் செயலியில் வந்த குறிப்பில் "குடும்ப நிதிச் சிக்கல்" என்று இருந்தது. அதைப் படித்த அன்றுதான் நேரில் ஒருவரைத் தேடத் தொடங்கினேன்.

இளவயதினருக்கு இந்தத் தொடர்ச்சி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மனநலச் சிக்கல்களில் பெரும்பாலானவை இருபதுகளின் நடுப்பகுதிக்குள்ளாகவே தலைகாட்டிவிடுகின்றன. படிப்பு, வேலை, ஊர் மாற்றம், திருமணப் பேச்சு ஆகிய எல்லாம் ஒன்றாக நெருக்கும் வயதும் அதுவே. பிரச்சினை இன்ன இடத்தில் தொடங்கியது என்று நமக்கே தெரியாத நிலையில் ஒருவரிடம் செல்கிறோம். எனக்குத் தரப்பட்ட சிகிச்சை, 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிந்தனை-நடத்தைச் சிகிச்சை; மனதில் தோன்றும் எண்ணங்களை ஆதாரத்தோடு சோதித்துப் பார்க்கப் பழக்கும் முறை. சுருக்கமாக சிபிடி என்பார்கள். வழக்கமாகப் பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகள் வரை செல்லும் இந்த முறையில், ஒரு வாரத்தின் வேலை அடுத்த வாரத்தின் மேல் அடுக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அடித்தளத்திலிருந்து தொடங்கினால் சுவர் எழும்பாது.

நான் சந்தித்தவர், மத்திய அரசின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர். யார் வேண்டுமானாலும் கவுன்சிலிங் என்று பலகை மாட்டிக்கொள்ளும் சூழலில் இந்தப் பதிவைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மூன்றாம் வாரம் அவர் என்னை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார். என்ன நடந்தது, உடனே என்ன தோன்றியது, அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறேன், அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று ஐந்து பத்திகள் போட்டு எழுத வேண்டும். என் முதல் பதிவு இன்னும் அதில் இருக்கிறது: "மேலாளர் நாளை பேச வேண்டும் என்று செய்தி அனுப்பினார். வேலை போகப்போகிறது. 90." மறுநாள் அவர் பேசியது அடுத்த மாத விடுப்புப் பட்டியலைப் பற்றி. இப்படிப் பதினேழு பதிவுகள் சேர்ந்த பிறகு, எழுதும்போதே அந்த எண் 40, 30 என்று இறங்கத் தொடங்கியது.

ஏழாம் வாரம் நோட்டைப் படித்துக்கொண்டிருந்தவர் தம் கோப்பின் பழைய பக்கங்களைப் புரட்டினார். "அப்பா கடை மூடினதைச் சொன்னப்போ, வீட்டுக்கு வந்து 'எல்லாம் போச்சு'ன்னு சொன்னார்னு சொன்னீங்க. இந்த நோட்டுல நாலு இடத்துல அதே வார்த்தை இருக்கு, பாருங்க" என்றார். நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். நான்கு இடங்களிலும் என் கையெழுத்தில் இருந்தது. இரண்டாம் வாரம் கேட்டவரே ஏழாம் வாரமும் எதிரே அமர்ந்திருந்ததால் மட்டுமே அது கண்ணில் பட்டது. அதன்பின் என் உறக்கம் படிப்படியாகத் திரும்பியது.

அரசு மருத்துவமனைக்குச் சித்தி மகனுக்குத் துணையாக மூன்று முறை சென்றிருக்கிறேன். மருந்தும் ஆலோசனையும் இலவசம். ஆனால் கூட்டம் மிகுதி. மருத்துவர் ஒதுக்கிய சில நிமிடங்கள் மருந்தைச் சரிபார்க்கவே போதுமானதாக இருந்தன. இருப்பினும் பல நாட்கள் உண்ணாமல் உறங்காமல் இருப்பவர், காதில் குரல்கள் கேட்பதாகச் சொல்பவர், சாக வேண்டும் என்று பேசுபவர் ஆகியோர் முதலில் பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவரே. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தரத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும் என்பதால், நடுவில் தாமாக நிறுத்திவிடக் கூடாது. 1794-இல் தொடங்கிய மனநலக் காப்பகத்தின் வழிவந்த கீழ்ப்பாக்கம் நிலையத்தின் பெயரையே சென்னையில் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பெயருக்கு அஞ்சியே சித்தி ஓராண்டு தாமதித்தார் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை ஒரே ஓர் இரவு அழைத்தேன். தமிழில் பேசினார்கள், கட்டணம் இல்லை, அந்த இரவைக் கடக்க அது போதுமானதாக இருந்தது. வாரந்தோறும் தொடரும் சிகிச்சைக்கு அது மாற்றாகாது. நள்ளிரவில் உளவியலாளர் எவரும் கிடைக்காதபோது வேறு எதுவும் அதற்கு மாற்றாகாது.

வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் நான்கு வழிகளுக்கும் பொது. பதினெட்டு வயது நிறைந்தவர் சிகிச்சை பெறப் பெற்றோரின் ஒப்புதல் தேவையில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருப்பதை நோயாளியின் உரிமையாகவே தந்திருக்கிறது.

பதினான்காம் அமர்வுக்குப் பின் எனக்குக் கோவைக்கு மாற்றல் வந்தது. மீதமிருந்த நான்கு அமர்வுகளை அதே உளவியலாளரிடம் காணொளியிலேயே முடித்தேன்; இம்முறை எனக்கென்று தனி அறை இருந்தது, திரை ஒரு குறையாகவே தெரியவில்லை. ஆகவே, கட்டணம் கட்டுமுன், அடுத்த மூன்று மாதங்களுக்கும் நீங்களேதான் என்னைப் பார்ப்பீர்களா என்று எந்த வழியானாலும் கேளுங்கள். செயலியில் சேர்ந்த அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.