பெட்டிக்குள் 24 வார்த்தைகளும் அச்சடித்தே வந்தால், அந்த வாலட்டில் ஒரு காசும் போடாதீர்கள்

பினாங்கில் கிரிப்டோ வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய ஹார்டுவேர் வாலட்டை (கிரிப்டோவின் சாவியைப் பத்திரமாக வைக்கும் சின்னக் கருவி) மாற்ற நினைப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

2025 மார்ச் மாதம் என்னிடமிருந்து 0.12 பிட்காயின் போனது. அன்றைய விலைக்கு ஏறக்குறைய 45,000 ரிங்கிட். அதில் 0.03 என் அக்காவுடையது. நான் எந்த லிங்க்கையும் தட்டவில்லை, காயினுக்குச் சாவியான என் 24 வார்த்தைகளை யாரிடமும் சொல்லவில்லை. ஜோர்ஜ்டவுனில் ஒரு கடையில், ரசீதோடு, அசல் கருவியைத்தான் வாங்கினேன். அப்படி இருந்தும் போனது. எப்படிப் போனது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். 2019 கடைசியிலிருந்து ஒரு வருடத்துக்கும் மேலாக மாதம் 300 ரிங்கிட்டுக்குப் பிட்காயின் வாங்கிச் சேர்த்தேன். அதை வைப்பதற்கு லெட்ஜர் நானோ எஸ் வாலட்டைத் தயாரிப்பாளரிடமே நேரடியாக வாங்கினேன். 2016-இல் வந்த மாடல் அது. 2022-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். நினைவகம் சிறியது, சில ஆப்களுக்கு மேல் போட இடம் இருக்காது. அதுகூடப் பரவாயில்லை. என் கருவியின் திரை வருடா வருடம் மங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் காயின் போய்ச் சேர வேண்டிய முகவரியைச் சரிபார்க்க வேண்டுமென்றால் அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையைச் சுற்றிக் கையைக் குவித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டியிருந்தது. கணினியில் காட்டும் முகவரியை நம்பாமல் கருவியின் திரையில் பார்த்து உறுதி செய்வதற்குத்தான் இப்படி ஒரு கருவியை வாங்குகிறோம். அந்தத் திரையே தெரியவில்லை என்றால் அப்புறம் அதை வைத்து என்ன செய்வது? மாற்ற முடிவு செய்தேன். அந்த முடிவில் தப்பில்லை.

தைப்பூசம் முடிந்து சில வாரங்கள் இருக்கும். கடையில் இருந்த தம்பி தமிழ்ப் பையன். என்னுடைய பழைய கருவியைப் பார்த்ததுமே மாடல் பெயரைச் சொன்னான். விஷயம் தெரிந்த பையன் என்று எனக்குப் பட்டது. லெட்ஜரின் புது மாடலான நானோ எஸ் பிளஸ் எடுத்துக் காட்டினான். விலை 420 ரிங்கிட். அப்புறம் அவனாகவே சொன்னான்:

"அண்ணே, பழைய 24 வார்த்தையைப் புதுசுல போடாதீங்க. 2020-ல லீக் ஆச்சு தெரியும்தானே? புது வார்த்தையோட புது வாலட் வச்சு, காயினை அதுக்கு அனுப்பிடுங்க. அதான் சேஃப்."

இதில் பாதி உண்மை. 2020-இல் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் வெளியே போனது நடந்த விஷயம். அந்த வருடம் டிசம்பரில், ஏறத்தாழ 272,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இணையத்தில் கொட்டப்பட்டன. மின்னஞ்சல் முகவரிகள் சுமார் பத்து லட்சம். எனக்கும் அதற்குப் பிறகு போலி மின்னஞ்சல்கள் வந்துகொண்டே இருந்தன, அதனால் அவன் சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது. ஆனால் அதில் யாருடைய 24 வார்த்தைகளும் போகவில்லை. போகவும் முடியாது. அந்த வார்த்தைகள் நம் கருவிக்குள் உருவாகி, நம் கையால் எழுதி, நம்மிடம் மட்டும் இருப்பவை. இதை அன்றைக்கு நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

அடுத்து அவன் சொன்னதுதான் என்னை விழ வைத்தது. "அப்டேட் எல்லாம் நாங்களே போட்டு ரெடியா வச்சிருக்கோம். பின் நம்பர் பெட்டிக்குள்ள இருக்கு. வார்த்தையெல்லாம் கார்டுல இருக்கு, மேல பூச்சு போட்டு மூடியிருக்கும். வீட்ல போயி நீங்களே சுரண்டிப் பாருங்க. நாங்ககூடப் பார்க்கல."

நாங்ககூடப் பார்க்கல. இந்த ஒரு வார்த்தையில் எனக்கிருந்த சந்தேகம் அடங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். மேலே பிளாஸ்டிக் உறை இறுக்கமாக இருந்தது. (அந்த உறையை ஒரு சின்ன மெஷினும் சூடான காற்றும் இருந்தால் யாரும் மறுபடி போடலாம். லெட்ஜர் பெட்டிக்குத் தயாரிப்பாளர் பாதுகாப்பு ஸ்டிக்கர் எதுவும் ஒட்டுவதே இல்லை என்பதையும் பிறகுதான் படித்தேன்.) உள்ளே கெட்டியான அட்டை. டாப்-அப் கார்டில் இருப்பது போலவே வெள்ளி நிறப் பூச்சு. 20 சென் காசை வைத்துச் சுரண்டினேன். ஒவ்வொன்றாக 24 ஆங்கில வார்த்தைகள் தெரிந்தன. மேசை விரிப்பில் சாம்பல் நிறத் தூள் உதிர்ந்து கிடந்தது. யாரும் தொடாத ஒன்றை நான்தான் முதலில் திறக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

நான் அவசரப்படவில்லை. என் தொழிலே சோதித்துப் பார்ப்பதுதான். முதலில் கருவியைக் கணினியில் செருகினேன். இது அசல் கருவி என்று ஆப் சொன்னது. அசல்தான், அதில் பொய் இல்லை. அடுத்து, அட்டையில் உள்ள வார்த்தைகளும் கருவிக்குள் உள்ளவையும் ஒன்றா என்று பார்க்கும் ஆப்பைப் போட்டு, 24 வார்த்தைகளையும் இரண்டு பட்டன்களால் ஒவ்வொரு எழுத்தாக அமுக்கிச் சரிபார்த்தேன். பொருந்தியது. பின் எண்ணை மாற்றினேன். பின் எண்ணை மாற்றினால் பூட்டு எனக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். பின் எண் அந்த ஒரு கருவியைத் திறக்க மட்டும்தான். 24 வார்த்தை தெரிந்தவனுக்கு என் கருவியும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். வேறொரு கருவியிலோ ஒரு ஃபோன் ஆப்பிலோ அவற்றைப் போட்டால் என் காயின் அவன் கையில்.

பிறகு 0.001 மட்டும் அனுப்பிப் பார்த்தேன். வந்து சேர்ந்தது. இரண்டு நாள் விட்டுவைத்தேன், அப்படியே இருந்தது.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். கொஞ்சம் அனுப்பிப் பார்த்துவிட்டு மீதியை அனுப்பு என்று எல்லாரும் சொல்வார்கள். முகவரி தப்பில்லை, காயின் சரியாகப் போகிறது என்பதை அது காட்டும். அந்த முகவரியின் சாவி இன்னொருவனிடமும் இருக்கிறதா என்பதை அது காட்டாது. திருடன் 370 ரிங்கிட்டுக்குக் கை நீட்ட மாட்டான், காத்திருப்பான். நான் செய்த சோதனை எல்லாம் தேறியது. எதுவுமே "இந்த வார்த்தைகள் வேறு யாருக்குத் தெரியும்" என்று கேட்கும் சோதனை இல்லை.

ஞாயிறு இரவு மீதி எல்லாவற்றையும் அனுப்பினேன். பழைய கருவியின் மங்கல் திரையில், விளக்கை அணைத்துவிட்டு, முகவரியை முழுதாகப் படித்துத்தான் பட்டனை அமுக்கினேன். கட்டணம் சில ரிங்கிட்தான் ஆனது. உறுதியாகும்வரை பார்த்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலை ஷிஃப்டுக்கு ஐந்து மணிக்கு எழுந்து ஃபோனைப் பார்த்தேன். பூஜ்யம். அதிகாலை 2.52-க்கு மொத்தமும் வெளியே போயிருந்தது. ஆப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அலமாரியைத் திறந்தேன். கருவி நான் வைத்த துணிப்பைக்குள் அப்படியே இருந்தது. அட்டையும் பக்கத்தில் இருந்தது. எதையும் யாரும் தொடவில்லை. அட்டையைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. இந்த வார்த்தைகளை ஒரு பிரிண்டர் அச்சடித்திருக்கிறது என்றால், அச்சடித்தவன் ஒருவன் இருக்கிறான்.

அக்காவிடம் அன்று மாலைதான் சொன்னேன். பட்டர்வொர்த் போய் நேரில் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீ சாப்பிட்டியா தம்பி" என்று கேட்டார். அதை இன்னும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

997-க்கு அழைத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய மோசடித் தடுப்பு எண் அது. வங்கியிலிருந்தோ இ-வாலட்டிலிருந்தோ பணம் போயிருந்தால், போய்ச் சேர்ந்த கணக்கை உடனே முடக்கப் பார்ப்பார்கள். தாமதிக்காமல் அழைக்க வேண்டும். ஆனால் பிட்காயின் போன இடத்தில் முடக்குவதற்கு வங்கி இல்லை, கணக்கின் பெயரும் இல்லை. உறுதியான பரிமாற்றத்தை யாராலும் திருப்ப முடியாது. போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக்கொண்டார்கள். எந்த முகவரிக்கு, எத்தனை மணிக்கு, பரிமாற்ற எண் என்ன என்பதை எல்லாம் அச்செடுத்துக் கொடுத்தேன். அட்டையையும் ரசீதையும் படம் எடுத்துக் கொடுத்தேன். புகார் எழுதிய அதிகாரி பொறுமையாகக் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும்.

கடைக்கும் போனேன். அந்தத் தம்பி இல்லை, வேலையை விட்டுவிட்டானாம். கடைக்காரர், "எங்களுக்கு சப்ளையர்கிட்ட இருந்து அப்படியேதான் வருது, நாங்க பிரிக்கிறது இல்ல" என்றார். ரெடியாக வைத்திருக்கிறோம் என்று உங்கள் ஆள்தானே சொன்னான் என்று கேட்டால் பதில் இல்லை. யார் செய்தது என்று எனக்கு நிரூபிக்கத் தெரியாது, அதனால் கடையின் பெயரை எழுதவில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. ரசீதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் இதுவாவது முடிந்தது.

இன்னொன்று. நடந்ததைப் பற்றி நான் இணையத்தில் கேட்டு எழுதிய அன்றே மூன்று பேர் தொடர்பு கொண்டார்கள். தொலைந்த பிட்காயினை மீட்டுத் தருவார்களாம். முன்பணம் 2,000 ரிங்கிட். ஒருவர் வெள்ளைக் கோட்டுப் படமும் சான்றிதழும் அனுப்பினார். பறிகொடுத்தவனைத் தேடிப் பிடித்து இரண்டாவது தடவை பறிக்கும் கூட்டம் இது. யாருக்கும் பதில் போடாதீர்கள்.

சரி, எப்படி மாற்றியிருக்க வேண்டும்? இரண்டு வழி இருக்கிறது. பழைய வார்த்தைகள் பத்திரமாக உங்களிடம் மட்டுமே இருந்தால், புதுக் கருவியைக் காலி செய்து அதே 24 வார்த்தைகளை அதில் போட்டால் போதும். காயின் எங்கும் நகராது, கட்டணமும் இல்லை. அவை வேறு யார் கண்ணிலாவது பட்டிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் மட்டும் புது வார்த்தைகளை உருவாக்கி அனுப்ப வேண்டும். அந்தப் புது வார்த்தைகள் உங்கள் கண் முன்னால் கருவியின் திரையில் ஒவ்வொன்றாகத் தோன்ற வேண்டும். பெட்டியில் வரும் தாள் வெறுமையாக இருக்க வேண்டும். நீங்கள் பேனாவால் எழுத வேண்டும். பின் எண்ணும் நீங்கள் வைப்பதுதான். எழுதிய பிறகு, காயின் எதையும் அனுப்பாமல், கருவியை அழித்துவிட்டு அந்தத் தாளைப் பார்த்தே மறுபடி உயிர்ப்பித்துப் பாருங்கள். அதே முகவரி வந்தால் தாள் சரி. காயினை அப்புறம் அனுப்பலாம்.

ட்ரெஸர் என்ற இன்னொரு நிறுவனத்தின் கருவிகள் ஃபர்ம்வேர்கூட (கருவியை இயக்கும் மென்பொருள்) போடாமல்தான் பெட்டியில் வருகின்றன. கடைக்காரர் "ரெடியாக" வைத்துத் தருவதற்கு அங்கே எந்த வேலையும் இல்லை. யாராவது அந்த உதவியைச் செய்ய வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தச் சுரண்டும் அட்டை மோசடி புதிதும் இல்லை. 2018 தொடக்கத்திலேயே வெளிநாட்டில் ஒருவர் இப்படி ஏமாந்த செய்தி வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

என்னை இன்றுவரை உறுத்துவது ஒன்று. அந்தக் கருவியில் பின் எண்ணை மூன்று தடவை தப்பாக அமுக்கியிருந்தால் அது தன்னைத் தானே அழித்துக்கொண்டு, நான் புதிதாக அமைக்கும்போது எனக்கென்று புது வார்த்தைகளை உருவாக்கியிருக்கும். அதே 420 ரிங்கிட் கருவி. அழிக்க ஒரு நிமிட வேலை.

ஏற்கெனவே இப்படி அட்டையோடு வந்த கருவியில் காயின் வைத்திருக்கிறீர்கள் என்றால் பயந்துபோய் முதலில் கருவியை அழித்துவிடாதீர்கள். முதலில் காயினை வெளியே எடுங்கள். பழைய கருவியின் முகவரிக்கோ, செக்யூரிட்டிஸ் கமிஷனில் பதிவான தளத்தில் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கோ அனுப்பிவிடுங்கள். கட்டணம் கொஞ்சம் கூட இருந்தாலும் பார்க்காதீர்கள், சீக்கிரம் உறுதியாக வேண்டும். அது போய்ச் சேர்ந்த பிறகு கருவியை அழித்து, வார்த்தைகளைப் புதிதாக எடுங்கள். அட்டையை வீசாதீர்கள், போலீசுக்குத் தேவைப்படும். எனக்கும் சொல்லுங்கள், நடுவர் மன்றத்தில் நான் ஒருவன் மட்டும் நிற்பதைவிட இரண்டு அட்டைகள் இருந்தால் நல்லது. நாளைக் காலை பார்க்கலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். என்னுடையது இரவு 2.52-க்குப் போனது.