கிரினோலின் பாவாடை: சில வருடம் உடுத்திப் பார்த்தபின்

இங்கிலாந்தில் ஒரு பழைய வீட்டு அருங்காட்சியகத்தில் 1860-களின் சீமாட்டி வேடம் போட்டுப் பார்வையாளர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது என் வார இறுதி வேலை. அதற்காக எஃகு வளைய கிரினோலின் ஒன்றை, அதாவது பாவாடை விரிந்து நிற்க அதனடியில் கட்டும் கூண்டை, சில வருடங்களாக உடுத்துகிறேன். அந்தக் கால அமைப்பிலேயே செய்தது: இடுப்பில் ஒரு பட்டி, அதிலிருந்து தொங்கும் நாடாக்கள், நாடாக்களில் கோத்த வளையங்கள். பெண்களைக் கொன்ற உடை என்று இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எப்படிக் கொன்றது என்பது போட்டுப் பழகினால்தான் பிடிபடும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இது சுகமான உடை. எஃகுக் கூண்டுக்குக் காப்புரிமை கிடைத்தது 1856-ல். அதுவரை பாவாடை உப்பலாக நிற்க, குதிரைமயிர் சேர்த்து நெய்த உள்பாவாடையும் அதன்மேல் கஞ்சி போட்ட பாவாடைகள் அடுக்கடுக்காகவும் கட்ட வேண்டியிருந்தது. அப்படியும் கட்டிப் பார்த்திருக்கிறேன். இடுப்பு கழன்றுவிடும், துணி காலைச் சுற்றிக்கொண்டு எட்டு வைக்க விடாது. கூண்டுக்குள் கால்கள் காற்றாட நடக்கின்றன. பிரான்சின் பேரரசி யூஜினி முதல் ஆலைத் தொழிலாளிப் பெண் வரை ஏன் இதற்கு மாறினார்கள் என்பது போட்ட அன்றே புரிந்துவிடும்.

வம்பே அந்தக் காற்றோட்டத்தில்தான். உடம்பு இடுப்போடு முடிந்தது என்று நம் மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது, பாவாடையோ அதற்கு வெகு தூரம் தள்ளி முடிகிறது. ஓரம் நாற்காலிக் காலில் உரசினால் இடுப்பில் ஒரு சின்ன ஆட்டம் வரும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் உரசியது என்றுகூடத் தெரியாது. ஒரு குளிர்கால மாலையில் உடையைக் கழற்றி மாட்டும்போது பின்பக்க ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் அப்பியிருந்தது. கணப்புக்கு அருகில் போனதாகவே எனக்கு நினைவில்லை. நல்லவேளை, அது கம்பளித் துணி.

அந்தக் காலத்தில் விருந்துக்கும் கோடைக்கும் உடுத்தியது மல், டார்லட்டன் போன்ற மெல்லிய பருத்தித் துணிகள். வீடெங்கும் திறந்த கணப்பு, மெழுகுவர்த்தி, எண்ணெய் விளக்கு. ஓரத்தில் தீப்பிடித்தால் உள்ளே இருக்கும் காற்று அதைப் புகைபோக்கிபோல மேலே இழுத்துவிடும். துணியை உடம்போடு அழுத்தி அணைக்கலாம் என்றால் வளையம் விடாது. தரையில் புரளவும் முடியாது. நெருப்பில்லாமல் ஒத்திகையாக ஒருமுறை கம்பளி போர்த்திப் பார்த்தோம். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்புகிறது, அடியில் காற்று போய்க்கொண்டே இருக்கிறது.

1861 ஜூலையில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், கவிஞர் லாங்ஃபெல்லோவின் மனைவி ஃபேன்னியின் கோடை உடை வீட்டிலேயே பற்றிக்கொண்டது. கணவர் தரைவிரிப்பைச் சுற்றி அணைக்கப் பார்த்தார், அது போதவில்லை. மறுநாள் ஃபேன்னி இறந்தார். தீக்காயங்களோடு படுத்திருந்த கணவரால் இறுதிச் சடங்குக்குக்கூடப் போக முடியவில்லை. 1863 டிசம்பர் 8 அன்று சிலியின் சாண்டியாகோவில் தேவாலயம் எரிந்து 2000 பேருக்கு மேல் மாண்டார்கள். விரிந்த பாவாடைகளோடு பெண்கள் வாசலில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஆனால் அங்கே மொத்தப் பழியையும் பாவாடைமேல் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கூரைவரை விளக்கும் தோரணமுமாக நிறைத்து வைத்தது உடுத்தியவர்களா என்ன?

தீர்வே இல்லாமலும் இல்லை. சோடியம் டங்ஸ்டேட் கலந்த கரைசலில் துணியை முக்கினால் சுலபத்தில் பற்றாது என்பது 1859 வாக்கிலேயே தெரியும். ஆனால் தண்ணீரில் கரையும் உப்பு அது, ஒவ்வொரு சலவைக்கும் மறுபடி முக்க வேண்டும். துணி வெளுக்கும் பெண்ணுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

மற்ற தொல்லைகள் சில்லறை. பின்வளையத்தைத் தூக்காமல் உட்கார்ந்தால் முன்பக்கம் மூக்குவரை எழும்பும். காற்றடித்தால் மானம் போகும், அதனால்தான் உள்ளே நீளக் காற்சட்டை. மாடிப்படிதான் உண்மையிலேயே பயம்: ஏறும்போது பாதம் அடிவளையத்துக்குள் நுழைந்தால் முகம் குப்புற விழ வேண்டியதுதான். எந்திரங்களுக்கு நடுவே நினைத்துப் பாருங்கள். கோர்டால்ட்ஸ் துணி ஆலை 1860-ல் வளையங்களை வீட்டிலேயே விட்டு வரும்படி தொழிலாளிகளுக்கு உத்தரவே போட்டது. எங்கள் அருங்காட்சியகத்திலும் சமையல்காரி வேடத்துக்குக் கூண்டு கிடையாது, அடுப்பில் நிஜ நெருப்பு எரிகிறது.

நாடகத்துக்கோ வேடத்துக்கோ வாங்குபவர்கள் அடிவளையம் தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கிறதா என்று பாருங்கள். வளையங்களின் நுனியில் உலோகத் தொப்பி இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு வருடத்தில் நாடாவைக் கிழித்துக்கொண்டு தொடையில் குத்தும். மேலே கம்பளியோ பட்டோ போடுங்கள். மல் துணிதான் படத்தில் அழகாக விழும், அதைப் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.