சென்னை ஈரக்காற்றில் எல்பி ரெக்கார்டுகள்: உள்ளுறைதான் முதல் செலவு

எல்பி, அதாவது வினைல் இசைத்தட்டு, சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது அலமாரியைப் பற்றி. நான் முதலில் காசு போடச் சொல்வது உள்ளுறைக்கு, அதாவது அட்டைக்குள்ளே தட்டைப் போட்டு வைக்கும் உறைக்கு. இருபத்துநாலு மணி நேரமும் தட்டைத் தொட்டுக்கொண்டு கிடப்பது அதுதானே.

பழைய ரெக்கார்டோடு வரும் காகித உறை நம் ஊர் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். மூர் மார்க்கெட்டில் வாங்கிய எக்கோ கம்பெனி எல்பி ஒன்றை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். காகிதம் ஒட்டியிருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள், பூஞ்சை. அது வினைலைத் தின்பதில்லை. மேலே படிந்த விரல் எண்ணெய், தூசி, காகிதத் துகள் போதும் அதற்கு. இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரே ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்து, நடு லேபிள் நனையாமல், வரிப்பள்ளம் ஓடும் போக்கிலேயே மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தேன். அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை. முழுக்கக் காய்ந்த பிறகுதான் உறைக்குள் போட்டேன், அதுவும் புதிய உறைக்குள். பழையதில் பூஞ்சை விதை இருக்கும்.

இப்போது எல்லா எல்பிக்கும் மெல்லிய பாலித்தீன் உள்ளுறைதான். வருடக்கணக்கில் வைத்து எடுத்தாலும் தட்டு பளிச்சென்று இருக்கிறது, தூசியை இழுக்கும் ஸ்டாட்டிக் மின்சாரமும் குறைவு. கடையில் கண்ணாடி மாதிரி மினுக்கும் கெட்டியான பிவிசி உறைகளை வாங்க வேண்டாம். அதை இளக்கமாக வைத்திருக்கும் ரசாயனம் கசிந்து தட்டின்மேல் மங்கலான படலமாகப் படியும். துடைத்தாலும் போகாது, கேட்கும்போது இரைச்சலாகவே தெரியும். அட்டைக்கு மேலே போடுவதும் பாலித்தீனோ பாலிப்ரொப்பிலீனோதான்.

அட்டையோடு சேர்த்து ஒரு எல்பி ஏறக்குறைய கால் கிலோ. நூறு தட்டு 25 கிலோ. பலகை வளையாததாகப் பாருங்கள், குறுக்குத் தடுப்பும் நெருக்கமாக இருக்கட்டும். தட்டுகள் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தால் வளையும், படுக்கப்போட்டு அடுக்கினால் அடியில் இருப்பவை நசுங்கும். ரொம்ப இறுக்கி அடைத்தால் எடுக்கும்போது அட்டை கிழியும்.

இரும்பு பீரோவுக்குள் பூட்டி வைப்பது எனக்குச் சரிப்படவில்லை. மழைக்காலத்தில் உள்ளே போன ஈரம் வெளியே வருவதில்லை. திறந்த மர அலமாரிதான் வைத்திருக்கிறேன், வெளிச்சுவரை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் வைப்பேன். ஆனால் திறந்த அலமாரியில் அதற்குப் பெரிய பலன் தெரியவில்லை, மூடிய பெட்டிக்குத்தான் அது. கரையானுக்காக அலமாரியின் கால்களை அடிக்கடி பார்த்துவிடுவேன்.

பாச்சை உருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் சிடி இருந்தால் இன்னும் மோசம், அதன் டப்பா பாலிஸ்டைரீன். உருண்டை பட்டால் இளகிவிடும்.

தாத்தா காலத்து 78 வேக (நிமிஷத்துக்கு 78 சுற்று) ரெக்கார்டு இருக்கிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அது அரக்கு. ஸ்பிரிட், ஆல்கஹால் கலந்த கிளீனர் எதுவும் அதன்மேல் படக்கூடாது, கரைந்துவிடும். கீழே விழுந்தால் உடையும் என்பதால் அவற்றை அலமாரியின் கீழ் அடுக்கில், தனித்தனிக் கெட்டி உறையில் வைத்திருக்கிறேன்.