கொடிக்குப் பின்னால் போவதா, தனி வண்டி பிடிப்பதா?

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் சிங்கப்பூரில் நம் குடும்பங்களில் இந்தப் பேச்சு எழும்: இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் குழுவோடு போவதா, தனியாகக் கார் எடுப்பதா? அம்மாவோடு நான் இரண்டு விதமாகவும் போய் வந்துவிட்டேன். முதலில் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர். முப்பது பேர், ஒரே பேருந்து. மறு வருடம் திருச்சியில் இறங்கி, ஓட்டுநரோடு ஒரு கார்.

குழுவின் அருமை தாஜ்மகால் வாசலில் தெரிந்தது. பேருந்து அருகே போக முடியாது. தள்ளி நிறுத்திவிட்டு பேட்டரி வண்டிக்கு மாற வேண்டும். வெளிநாட்டவருக்குச் சீட்டு வேறு, கல்லறை மண்டபத்துக்குள் போகக் கூடுதல் கட்டணம் வேறு. வெள்ளிக்கிழமைகளில் திறக்கவே மாட்டார்கள். எனக்கு இந்தி தெரியாது, அம்மாவுக்கு முழங்கால் வலி. கொடி பிடித்த வழிகாட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். தனியாகப் போயிருந்தால் பாதி நாள் விசாரிப்பதிலேயே கழிந்திருக்கும்.

ஆனால் ஆக்ரா கோட்டையில் மனம் வலித்தது. ஔரங்கசீப் தன் தந்தை ஷாஜகானை அடைத்து வைத்த இடம் அது. 1666இல் இறக்கும்வரை அவர் அங்கேதான் இருந்தார். மாடத்திலிருந்து பார்த்தால் யமுனைக் கரையில் மனைவிக்காக அவர் கட்டிய தாஜ்மகால் சின்னதாகத் தெரியும். அம்மா அதைப் பார்த்தபடி பேசாமல் நின்றார். "பத்து நிமிஷம்தான், வாங்க வாங்க" என்று கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்து கூட்டிப்போன பளிங்குக் கடையில் மட்டும் ஒன்றேகால் மணி நேரம்! பணம் கட்டுவதற்கு முன்பே பயண நிரலில் எத்தனை கடைகள் என்று கேட்டுவிடுங்கள்.

மறு வருடம் காரில் போன தஞ்சைப் பெரிய கோயிலில் எங்களை யாரும் அவசரப்படுத்தவில்லை. இராசராசன் 1010இல் கட்டி முடித்த கோயில். கருவறைக்கு மேல் எழும் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். கீழே அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டையும் பார்க்க வேண்டும். தான் கொடுத்ததோடு, அக்கா குந்தவை கொடுத்தது, தன் பெண்டுகளான அரசிகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான். கோயிலில் ஆடிப் பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்கள்கூட இருக்கின்றன. அம்மா தனக்குப் பிடிபட்ட ஒன்றிரண்டு எழுத்துகளைத் தேடித் தேடிச் சுற்றி வந்தார். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

காரிலும் குறை உண்டு. மதியம் நடை சாத்துவார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு மரநிழலில் உட்கார்ந்திருந்தோம். குழுவாக இருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. அப்புறம், ஓட்டுநர் எங்களோடு சாப்பிடக் கூச்சப்பட்டார். "தம்பி, நீங்களும் இங்கேயே உட்காருங்க" என்று அம்மா சொன்ன பிறகுதான் இலை போடச் சம்மதித்தார். அன்று மாலை அவரே வண்டியைத் தாராசுரம் கோயில் பக்கம் திருப்பினார். தேர் போலச் செதுக்கிய மண்டபத்தில் வெயில் சாயும் வரை இருந்தோம்.

மொழி தெரியாத வட இந்தியாவுக்கு, அதுவும் வயதானவர்களோடு முதல்முறை என்றால், குழுவைத்தான் சொல்வேன். பதினைந்து பேருக்குள் கிடைத்தால் இன்னும் நல்லது. தமிழ்நாட்டுக்குக் குழு வேண்டவே வேண்டாம். இந்த டிசம்பரில் அம்மா மதுரை கேட்டிருக்கிறார். கார் சொல்லியாகிவிட்டது, நடை சாத்தும் நேரத்தையும் இந்த முறை முதலிலேயே குறித்து வைத்துவிட்டேன்.